டிஜிட்டலில் வரைய எந்த டேப்லெட்? குமரி வாசகர்கள் கேட்டவை

கணினியில் படம் வரையப் பழகுகிறவர்கள் தங்கள் சந்தேகங்களை எழுதலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் பொதுவாக எல்லோருக்கும் உதவக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். டேப்லெட் என்று இங்கே சொல்வது கணினியோடு சேர்த்துப் பேனாவால் வரைகிற பலகையை. ஸ்கிரீன் இல்லாததில் கோடு கணினி ஸ்கிரீனில் விழும், ஸ்கிரீன் உள்ளதில் பலகையிலேயே தெரியும். விலைகள் தோராயமானவை. ஆன்லைன் தள்ளுபடி நாட்களில் சில நூறு ரூபாய் இறங்கும், மற்ற நாளில் ஏறும்.

*விஸ்காம் முதலாண்டு படிக்கிறேன். 15.6 இன்ச் லேப்டாப் இருக்கிறது. கையில் 4,000 ரூபாய். ஸ்கிரீன் உள்ள டேப்லெட்டுக்குக் காசு சேரும்வரை பொறுக்கவா, ஸ்கிரீன் இல்லாததை இப்போதே வாங்கவா?*
– மாணவி, தக்கலை

பொறுக்க வேண்டாம், இப்போதே வாங்குங்கள். ஸ்கிரீன் உள்ளதைப் புதிதாக வாங்க 15,000 ரூபாயாவது எடுத்துவைக்க வேண்டும். அதுவரை மௌஸோடு மல்லுக்கட்டினால் பழக வேண்டிய கை பழகாமலே போகும். ஸ்கிரீன் இல்லாத டேப்லெட்டில் வேலை செய்தே பிழைக்கிற ஓவியர்கள் ஏராளம். கழுத்தைக் குனியாமல் நேரே பார்த்து வரையலாம் என்பதற்காக அதையே விரும்புகிறவர்களும் உண்டு.

உங்கள் தொகையை ஒட்டிப் பார்க்க வேண்டியவை நான்கு: ஒன் பை வாகாம் சிறியது (மாடல் எண் சி.டி.எல். 472), ஹுயான் எச்640பி, எக்ஸ்பி-பென் ஸ்டார் ஜி640, காவ்மோன் எஸ்620. நான்கிலும் வரைகிற பரப்பு ஏறக்குறைய 6 இன்ச்சுக்கு 4 இன்ச். நான்கிலும் பேனாவுக்கு பேட்டரி கிடையாது, சார்ஜும் போட வேண்டாம். பலகைக்குள் இருக்கும் சர்க்யூட் அனுப்பும் காந்த அலையிலிருந்தே பேனாவுக்குள் இருக்கும் காயில் சக்தி எடுத்துக்கொள்கிறது. வாகாமிலும் ஸ்டார் ஜி640இலும் பலகையில் பட்டன் இல்லை. எச்640பியில் ஆறு, எஸ்620இல் நான்கு. ‘அன்டூ’வை அடிக்கடி தட்டுகிற ஆரம்பக்காரர்களுக்குப் பட்டன் வசதிதான், ஆனால் இடது கை கீபோர்டில் கன்ட்ரோல் - இசட் தட்டப் பழகிவிட்டால் பட்டன் நினைவுக்கே வராது. டிரைவர் (டேப்லெட்டைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்) தகராறு குறைவாக இருக்கட்டும் என்றால் வாகாம். பட்டனும் வேண்டும், அழுத்த எண்ணும் (பேனாவின் அழுத்தத்தை எத்தனை படியாகப் பிரித்து அறியும் என்பது) பெரிதாக இருக்கட்டும் என்றால் ஹுயான். எங்களைக் கேட்டால், விண்டோஸ் லேப்டாப் மட்டும்தான் என்பவருக்கு வாகாமைச் சொல்வோம். என்றைக்காவது ஆண்ட்ராய்டு ஃபோனிலும் செருகிப் பார்க்க ஆசை இருப்பவருக்கு மற்ற மூன்றில், பெட்டியில் ஆண்ட்ராய்டு என்று அச்சிட்டிருப்பதை.

எண்களைவிட முக்கியமானது பரப்பு. 15.6 இன்ச் ஸ்கிரீனின் அகலம் சுமார் 345 மில்லிமீட்டர். ஒன் பை வாகாம் சிறியதன் பரப்பு 152 மில்லிமீட்டர் அகலம். கையில் 1 செ.மீ. இழுத்தால் ஸ்கிரீனில் 2.3 செ.மீ. கோடு விழும். இது பழகக்கூடிய அளவு. இதைவிட மலிவு என்று 4.8 இன்ச் பலகையை எடுத்தால் 1 செ.மீ. 2.8 செ.மீ. ஆகிவிடும், விரல் நடுங்கினால்கூடக் கோட்டில் தெரியும். அதே சிறிய வாகாமை 24 இன்ச் மானிட்டரில் செருகினால் 3.5 மடங்கு. பெரிய மானிட்டர் வைத்திருப்பவர்கள் 10 இன்ச் பலகைக்குப் போவதே நல்லது.

வாங்கிய முதல் வாரத்திலேயே ‘எனக்கு வரவில்லை’ என்று திருப்பி அனுப்புகிறவர்கள் நிறைய. பாதிப் பேருக்குச் சிக்கல் பலகை வைத்திருக்கும் இடம்தான். கீபோர்டுக்கு வலப்பக்கம், மௌஸ் இருந்த இடத்தில், சற்றுச் சாய்வாக வைத்துவிடுகிறார்கள். பலகை எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அவ்வளவு கோடும் சாயும். ஸ்கிரீனுக்கு நேர் எதிரே, அதன் விளிம்புக்கு இணையாக வையுங்கள். லேப்டாப்பைச் சற்றுப் பின்னே தள்ளினால் இடம் கிடைக்கும். முதல் பத்து நாள் மௌஸை எடுத்து உள்ளே வைத்துவிட்டு எல்லா வேலையையும் பேனாவாலேயே செய்யுங்கள். தினமும் கால் மணி நேரம், ஸ்கிரீனில் இரண்டு புள்ளி வைத்து ஒரே இழுப்பில் சேர்க்கும் பயிற்சி. கண் கையைப் பார்க்கக் கூடாது, போய்ச்சேர வேண்டிய புள்ளியைப் பார்க்க வேண்டும்.

சாஃப்ட்வேருக்குக் காசு வேண்டாம். கிரிட்டா இலவசம், ஓவியத்துக்கென்றே எழுதப்பட்டது. உங்கள் லேப்டாப்பில் ரேம் 4 ஜி.பி. தான் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். ஏ4 அளவை 300 டி.பி.ஐ.யில் (ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி) திறந்தால் 2480க்கு 3508 பிக்சல். முழுவதும் நிறம் பூசிய ஒரு லேயரே (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித் தாள் போன்றது) சுமார் 35 எம்.பி. எடுக்கும். இருபது லேயர் போட்டால் 700 எம்.பி., போதாததற்குப் பின்னால் பிரௌசர் வேறு திறந்திருக்கும். பேனா இழுத்த பிறகு கோடு தாமதமாக வருவது பெரும்பாலும் இதனால்தான், டேப்லெட்டைத் திட்டிப் பயனில்லை. பழகும்போது 1500க்கு 2000 பிக்சல் போதும்.

*8,192, 16,384 என்று அழுத்த நிலை போடுகிறார்களே, 2,048 உள்ளதை வாங்கினால் ஏமாந்துபோவேனா?*
– வாசகர், நாகர்கோவில்

மாட்டீர்கள். கோடு மெலிந்து தடிப்பதில் 2,048 படிக்கும் 8,192 படிக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. தெரிவது வேறொன்று: பேனா பட்டதும் கோடு விழ எவ்வளவு அழுத்தம் தேவை என்பது. லேசாகத் தொட்டதுமே மெல்லிய கோடு வந்தால் நல்ல பேனா. அழுத்தினால்தான் வருகிறது, வரும்போதே தடியாக வருகிறது என்றால் எண் எவ்வளவு இருந்தாலும் பென்சில் ஷேடிங் வராது. நண்பர் யாரிடமாவது வாங்கி, பேனாவின் சொந்த கனம் மட்டும் படும்படி இழுத்துப் பாருங்கள்.

*ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு வரைவதில் ஆர்வம். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை, ஆண்ட்ராய்டு ஃபோன்தான். அதில் வேலை செய்யுமா? ரப்பர் முனை ஸ்டைலஸ் 200 ரூபாய்க்குக் கிடைக்கிறதே, அது போதாதா?*
– ஒரு அம்மா, மார்த்தாண்டம்

ரப்பர் முனை ஸ்டைலஸ் விரலுக்குப் பதில் ஒரு குச்சி, அவ்வளவுதான். அழுத்தினால் கோடு தடிக்காது. கையை ஸ்கிரீன்மேல் ஊன்றினால் கையும் கோடு போடும். 200 ரூபாயை மிச்சம் பிடியுங்கள்.

பென் டேப்லெட் ஃபோனில் வேலை செய்யும், ஆனால் பெட்டியில் ‘ஆண்ட்ராய்டு 6.0 அல்லது அதற்கு மேல்’ என்று அச்சிட்டிருக்க வேண்டும். ஹுயான் எச்எஸ்64, எக்ஸ்பி-பென் டெக்கோ 01 வி2 போன்றவற்றில் உண்டு. ஒன் பை வாகாம் விண்டோஸ், மேக், குரோம்புக்குக்குத்தான். ஃபோனை நம்பி அதை வாங்காதீர்கள். ஐபோன் வைத்திருப்பவர்களும் இந்த வழியில் இறங்க வேண்டாம்.

ஃபோனோடு சேர்க்க ஓ.டி.ஜி. கன்வெர்ட்டர் (ஃபோன் துளையில் யு.எஸ்.பி. ஒயரைச் செருக உதவும் சிறு இணைப்பு) வேண்டும். சில டேப்லெட் பெட்டியிலேயே வரும், இல்லையென்றால் மொபைல் கடையில் நூறு ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். செருகியும் அசைவில்லை என்றால் உடனே பழுது என்று முடிவுகட்டாதீர்கள். ஓப்போ, விவோ, ரியல்மி, ஒன்பிளஸ் ஃபோன்கள் பலவற்றில் செட்டிங்ஸுக்குள் போய் ‘ஓ.டி.ஜி. கனெக்‌ஷன்’ என்பதை ஆன் செய்ய வேண்டும். பத்து நிமிடம் சும்மா விட்டால் தானே ஆஃப் ஆகிவிடும். கடையில் வேலை செய்தது, வீட்டில் செய்யவில்லை என்பார்களே, அதற்குப் பல நேரம் காரணம் இதுதான்.

இன்னொன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஃபோனை நெட்டுக்குத்தாக வைத்தால் பலகையின் ஒரு ஓரம் மட்டும்தான் வேலை செய்யும். ஃபோன் ஸ்கிரீன் 20க்கு 9 என்ற நீளவாக்கு. பலகையின் உயரம் 102 மி.மீ. என்றால் அந்த விகிதத்துக்கு அகலம் 46 மி.மீ. தான் வரும், மூன்று விரல் அகலம்கூட இல்லை. பழகலாம், பெரிய படம் வரைவது சிரமம். ஃபோனின் சார்ஜும் சீக்கிரம் இறங்கும், டேப்லெட்டுக்கு மின்சாரம் ஃபோனிலிருந்துதானே போகிறது. ஃபோனில் வரைய ஐபிஸ் பெயின்ட் நன்றாக இருக்கும்; இலவசம், நடுநடுவே விளம்பரம் வரும். கிரிட்டாவின் ஆண்ட்ராய்டு பதிப்பு பெரிய டேப்களுக்கானது, ஃபோனுக்கு ஒத்துவராது.

ஒன்றிரண்டு வருடத்தில் வீட்டுக்கு லேப்டாப் வரும் என்றால் ஆண்ட்ராய்டிலும் ஓடுகிற 6 இன்ச் பலகையை இப்போது வாங்குங்கள், லேப்டாப் வந்ததும் அதே பலகை அங்கே போகும். லேப்டாப் வர வழியே இல்லை என்றால் எஸ் பென்னோடு வரும் சாம்சங் டேப் எஸ்6 லைட் போன்றதற்குக் காசு சேர்ப்பது மேல். விலை அதிகம்தான், ஆனால் தனியாகவே இயங்கும். பேனா பெட்டியிலேயே வரும், வரைவதற்கு அதற்கு சார்ஜ் தேவையில்லை.

*வடசேரியில் கோயில் நகை டிசைன் போடுகிறேன். அட்டிகை, ராக்கொடி, நெற்றிச்சுட்டி எல்லாம் பென்சிலில்தான். ஒருபக்கம் போட்டால் மறுபக்கம் டிரேஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. கம்ப்யூட்டருக்கு மாறினால் லாபமா? என்ன அளவு வாங்க?*
– நகை வடிவமைப்பாளர், வடசேரி

உங்கள் தொழிலுக்கு இது மிகவும் பொருந்தும், வந்த கடிதங்களில் அதிக பலன் உங்களுக்குத்தான். நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு உண்டு. அதன் வடிவங்களில் ஏறக்குறைய எல்லாமே இருபுறமும் ஒத்தவை. கிரிட்டாவில் ‘மிரர்’ என்ற பட்டனை அழுத்தினால் நடுவே ஒரு கோடு வரும். ஒருபக்கம் வரைய வரைய மறுபக்கம் தானே விழும். அட்டிகையின் நடுப்பதக்கத்துக்கும் இரண்டு பக்க அன்னப்பட்சிக்கும் இது போதும். ராக்கொடி போல வட்டமானதற்கு ‘மல்டிபிரஷ்’ கருவி. எட்டு என்று எண் கொடுத்தால் ஒரு இதழை வரையும்போதே எட்டு இதழும் சுற்றி வரும். நடுப்புள்ளியை முதலில் சரியாக வைத்துவிடுங்கள். நடுவில் நகர்த்தினால் பழைய இதழும் புதிய இதழும் பொருந்தாது.

அளவுதான் உங்களுக்கு உயிர் என்பதால் கோப்பைத் திறக்கும்போதே பிக்சலை விட்டுவிட்டு மில்லிமீட்டரைத் தேர்ந்தெடுங்கள், 600 டி.பி.ஐ. வையுங்கள். 300 டி.பி.ஐ.யில் 2 மி.மீ. கெம்புக் கல்லுக்கு 24 பிக்சல்தான் கிடைக்கும், கல்லைச் சுற்றிக் கட்டும் விளிம்பு மங்கிப்போகும். 600இல் 47 பிக்சல், விளிம்பும் தெரியும். 1 மி.மீ., 1.5 மி.மீ., 2 மி.மீ. வட்டங்களைத் தனித்தனி பிரஷ்ஷாகச் சேமித்துக்கொண்டால் கல் வைப்பது ஒரு தட்டில் முடிந்துவிடும்.

பிரிண்ட் எடுக்கும்போது ‘ஃபிட் டு பேஜ்’ என்றிருந்தால் பிரிண்டர் தன்னிஷ்டத்துக்குச் சில சதவீதம் சுருக்கும். ‘ஆக்சுவல் சைஸ்’ அல்லது 100 சதவீதம் என்று மாற்றுங்கள். படத்தின் ஓரத்தில் எப்போதும் 50 மி.மீ. கோடு ஒன்று வரைந்து வையுங்கள். பிரிண்ட் வந்ததும் ஸ்கேலை அதில் வைத்துப் பாருங்கள், 50 வரவில்லை என்றால் அந்தத் தாளைப் பட்டறைக்கு அனுப்பாதீர்கள்.

கையிலிருக்கும் பழைய பென்சில் டிசைன்களை டேப்லெட்மேல் வைத்து அப்படியே டிரேஸ் எடுக்கலாம் என்று விற்பனைக் காணொளிகளில் காட்டுவார்கள். தாளை ஊடுருவிப் பேனா வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் நிப்பில் மை கிடையாது, எதுவரை வரைந்தோம் என்று தாளில் தெரியாது, தாள் நகர்ந்தால் எல்லாம் கெட்டது. ஸ்கேன் செய்து அடி லேயரில் வைத்து, அதை மங்கலாக்கி, மேல் லேயரில் வரைவதுதான் சுலபம். ஸ்கேனர் இல்லாமல் ஃபோனில் படம் எடுத்தால் ஓரங்கள் வளையும், அதிலிருந்து அளவு எடுக்கக் கூடாது.

அளவைப் பொறுத்தவரை 10 இன்ச்சுக்கு 6.25 இன்ச் பரப்புள்ள டெக்கோ 01 வி2 அல்லது ஹுயான் எச்610 புரோ வி2, இல்லையென்றால் 216க்கு 135 மி.மீ. உள்ள ஒன் பை வாகாம் மீடியம். ஒன்று மட்டும்: லேசர் கட்டிங்குக்கோ ‘கேட்’ (கணினியில் அளவோடு டிசைன் போடும்) ஆபரேட்டருக்கோ கோப்பு கொடுக்க வேண்டுமென்றால் கிரிட்டா படம் உதவாது, இன்க்ஸ்கேப் போன்ற வெக்டர் (கோட்டைப் பிக்சலாக இல்லாமல் வளைவாகச் சேமிக்கும்) மென்பொருளில் போட வேண்டும். அங்கே புள்ளி வைத்து வளைவை இழுப்பதற்கு மௌஸே போதும். அது மட்டும்தான் வேலை என்றால் டேப்லெட் செலவு வீண்.

*புது டேப்லெட் வாங்கினேன். வட்டம் போட்டால் அமுங்கிய வட்டமாக வருகிறது. அழுத்தினாலும் கோடு ஒரே தடிமன். பேனாவை வைத்தால் சின்ன வளையம் சுற்றுகிறது. சில நேரம் கோடு நடுங்குகிறது. திருப்பி அனுப்பட்டுமா?*
– வாசகர், குளச்சல்

பொறுங்கள். நீங்கள் எழுதிய நான்கில் முதல் மூன்றும் பழுதே இல்லை, செட்டிங்.

வட்டம் அமுங்குவது விகிதத்தால். லேப்டாப் ஸ்கிரீன் 16க்கு 9, பலகை பெரும்பாலும் 16க்கு 10. 152க்கு 95 மி.மீ. பலகை முழுவதையும் 1366க்கு 768 ஸ்கிரீனில் பரப்பினால் உயரம் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். டிரைவரில் ‘ஃபோர்ஸ் புரொபோர்ஷன்ஸ்’ அல்லது ‘ஸ்கிரீன் ரேஷியோ’ என்பதை டிக் செய்யுங்கள். பலகையின் அடியில் 9.5 மி.மீ. பயன்படாமல் போகும், வட்டம் வட்டமாகும். இரண்டு மானிட்டர் உள்ளவர்கள் பலகையை ஒன்றுக்கு மட்டும் ஒதுக்க வேண்டும், இல்லையேல் நீள்வட்டம் இன்னும் மோசமாகும்.

வளையம் சுற்றுவது, அழுத்திப் பிடித்தால் ரைட் கிளிக் ஆகும் விண்டோஸின் வேலை. கன்ட்ரோல் பேனலில் ‘பென் அண்ட் டச்’ திறந்து, ‘பிரஸ் அண்ட் ஹோல்ட்’ செட்டிங்ஸில் டிக்கை எடுங்கள்.

அழுத்தம் வராததற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு மொழி பேசுவது. விண்டோஸில் பேனாவின் தகவல் ‘விண்டோஸ் இங்க்’ வழியாகவும் வரலாம், பழைய ‘வின்டேப்’ வழியாகவும் வரலாம். டிரைவர் ஒன்றில் அனுப்ப, மென்பொருள் மற்றதில் காத்திருந்தால் கோடு வரும், அழுத்தம் வராது. கிரிட்டாவில் செட்டிங்ஸ், கான்ஃபிகர் கிரிட்டா, டேப்லெட் செட்டிங்ஸ் என்று போய் வின்டேப்பிலிருந்து மற்றதுக்கோ, மற்றதிலிருந்து வின்டேப்புக்கோ மாற்றி, கிரிட்டாவை மூடித் திறங்கள். அங்கேயே ‘டேப்லெட் டெஸ்டர்’ பட்டன் உண்டு. அதில் கோடு இழுத்தால் அழுத்த எண் ஓடுவது தெரியும். எண் மாறினால் டேப்லெட் நலம், சிக்கல் நீங்கள் எடுத்த பிரஷ்ஷில். எண் மாறவே இல்லை என்றால், முன்பு வேறு கம்பெனி டேப்லெட் இருந்ததா என்று யோசியுங்கள். இரண்டு டிரைவர் ஒரே கணினியில் இருந்தால் அடித்துக்கொள்ளும். இரண்டையும் அகற்றி, ரீஸ்டார்ட் செய்து, உங்களுடையதை மட்டும் கம்பெனி தளத்திலிருந்து இறக்குங்கள்.

நடுக்கத்துக்கு ஒரு சோதனை. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியில் ஓடும்போது அதே கோட்டை இழுங்கள். நடுக்கம் நின்றால் குற்றவாளி சார்ஜரும் வீட்டின் எர்த்தும். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் கன்வெர்ட்டரில் செருகியிருந்தால் அதை எடுத்துவிட்டு எர்த் உள்ள சாக்கெட்டில் நேரடியாகச் செருகுங்கள். பலகையை லேப்டாப்மேலேயே வைத்து வரைவதும் நடுக்கும். அப்படியும் நிற்காவிட்டால் ஸ்கேல் வைத்துச் சாய்கோடு ஒன்றை மிக மெதுவாக இழுங்கள். ஒரே இடைவெளியில் அலை அலையாக வந்தால் பலகையின் குறை, வாரன்டிக்கு அனுப்புங்கள். ஸ்கேலில் நேராக வருகிறது, கையில் வரவில்லை என்றால் அது கை பழகாதது. கிரிட்டாவில் ‘ஸ்டெபிலைசர்’ போட்டால் ஓரளவு தணியும், ஆனால் கோடு கையைவிடப் பின்தங்கும். இறுதிக் கோடு இழுக்கும்போது மட்டும் போடுங்கள்.

அடிக்கடி இணைப்பு அறுந்தால் கேபிளைப் பாருங்கள். பெட்டியில் வந்ததைத் தொலைத்துவிட்டு ஃபோன் சார்ஜர் ஒயரைச் செருகியிருப்பீர்கள். சில ஒயர்களில் சார்ஜ் மட்டும்தான் போகும், தகவல் போகாது.

*செகண்ட் ஹேண்டில் ஸ்கிரீன் உள்ள டேப்லெட் 9,000 ரூபாய்க்கு வருகிறது. எடுக்கலாமா?*
– வாசகர், கருங்கல்

நேரில் பார்க்காமல் எடுக்காதீர்கள். உங்கள் லேப்டாப்பையே கொண்டுபோங்கள், ஏனென்றால் எச்.டி.எம்.ஐ. துளை அதில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. டைப்-சி துளை இருந்தால் போதும் என்பார்கள்; எல்லா டைப்-சியிலும் படம் வெளியே வராது. ஸ்கிரீன் முழுக்க வெள்ளை, பிறகு கறுப்பு, பிறகு சிவப்பு ஓடவிட்டுச் செத்த புள்ளிகளைத் தேடுங்கள். நான்கு மூலையிலும் பேனா முனையும் கர்சரும் சேர்கிறதா பாருங்கள். சிறு விலகல் கேலிப்ரேஷனில் (முனையையும் கர்சரையும் பொருத்தும் செட்டிங்) சரியாகும், மூலையில் துள்ளினால் ஆகாது. ஒன்றுக்குள் மூன்றாகப் பிரியும் கேபிளை அசைத்துப் பாருங்கள், தனியாக வாங்க விலை கூட. பேனா பெட்டியோடு வந்ததுதானா என்று கேளுங்கள். ஒரு மாடல் பேனா இன்னொன்றுக்குப் பெரும்பாலும் ஓடாது. அந்த மாடலுக்கு இப்போதைய விண்டோஸுக்கு டிரைவர் இருக்கிறதா என்று கிளம்புமுன் தேடிவிடுங்கள். இதில் ஒன்றுக்கு ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று பதில் வந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

*நான் இடது கைக்காரன். தனி மாடல் உண்டா?*
– மாணவர், குலசேகரம்

தேவையில்லை. பலகையை 180 டிகிரி திருப்பிவைத்து டிரைவரில் இடதுகை முறையைத் தேர்ந்தெடுங்கள். பட்டன் வலப்பக்கம் வந்துவிடும்.

*300 ரூபாய்க்கு எல்.சி.டி. ரைட்டிங் பேட் விற்கிறார்களே, அதில் வரைந்தால் கம்ப்யூட்டருக்குப் போகுமா?*
– வாசகி, தோவாளை

போகாது. அது சிலேட்டு. ஒரு பட்டனில் எல்லாம் அழிந்துவிடும், சேமிக்க வழியில்லை. சின்னப் பிள்ளைகள் கிறுக்கி விளையாட நல்லது.

*கடற்கரை ஊர். டேப்லெட்டில் கோடு கோடாகக் கீறல் விழுகிறது, நிப்பும் சீக்கிரம் தேய்கிறது. காற்றில் உப்பு இருப்பதாலா?*
– வாசகர், முட்டம்

கீறலுக்கு உப்பைவிட மணல்தான் காரணம். மணல் துகள் ஒன்று நிப்புக்கடியில் மாட்டினால் போதும். வரையத் தொடங்குமுன் லேசாக ஈரமான மெல்லிய துணியால் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். ஸ்பிரே, சானிடைசர் வேண்டாம். உப்புக்காற்று கெடுப்பது யு.எஸ்.பி. துளையை. வரையாத நேரம் கேபிளைக் கழற்றி, பலகையை உறையில் போட்டு, மருந்து டப்பாவில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைக் கூட வையுங்கள்.

நிப் தேய்வது இயல்பு. ஒருபக்கம் சப்பையாகி ஓரம் கூராகிவிட்டால், அந்தக் கூர்தான் கீறும். நகத்தை வைத்துத் தடவிப் பாருங்கள். முனை பிடிக்கிறது என்றால் மாற்ற வேண்டிய நேரம். பெட்டியில் வரும் வளையத்தில் நிப்பைக் கவ்வி நேராக இழுக்க வேண்டும். பல்லால் கடித்தோ திருகியோ எடுத்தால் தண்டு உள்ளே முறியும், பேனாவே போகும். மாற்று நிப்பை உங்கள் பேனாவின் எண்ணைச் சொல்லி வாங்குங்கள், தண்டின் தடிமன் மாடலுக்கு மாடல் மாறும். கீறல் விழுந்த பலகைமேல் ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் ஓ.எச்.பி. ஷீட்டை (கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் தாள்) அளவாக வெட்டி ஓரத்தில் டேப் ஒட்டுங்கள். பேனா அதற்கு மேலேயும் நன்றாக வேலை செய்யும், சற்று வழுக்கும். ஷீட் தேய்ந்ததும் கிழித்துவிட்டு வேறு ஒட்டலாம்.